முப்பத்தொரு விண்ணப்பங்கள்

மாட்டுங்கா, மும்பை
18 ஜூன் 2023

அன்புள்ள அக்காவுக்கு அனந்தகிருஷ்ணனின் நமஸ்காரம்.

நான் சௌக்கியம். மழை வருவதை என் முழங்கால் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. வேறு குறை இல்லை. உன் காது எப்படி இருக்கிறது? புது மெஷின் வைத்தும் போனில் என் குரல் தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டுவது போலக் கேட்கிறது என்று நீ சொன்னதாக உன் பெண் அம்மு சொன்னாள். அதனால் இனி கடிதம்தான். நீ நிதானமாகப் படிக்கலாம். எனக்கும் அடித்துத் திருத்த வசதி.

சமூகப்பணிப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருஷமும் தேறிவிட்டேன். இது கடைசி வருஷம். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூரில் வகுப்பு. உடன் படிக்கிறவர்கள் என்னை அங்கிள் என்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் நோட்டுப் புத்தகம் வேண்டி ஸார் என்கிறார்கள். பாடங்களில் எனக்குப் பயமில்லை. களப்பணிதான் பயம். வாரத்தில் இரண்டு நாள் ஓரிடத்துக்குப் போய், அங்கிருப்பவர்களோடு பழகி, நடந்ததை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். அதில் தேறாவிட்டால் மற்றத் தாள்களில் எவ்வளவு வாங்கியும் பட்டம் கிடையாது.

எனக்குக் கிடைத்திருப்பது தாராவி. தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. கணவனை இழந்த பெண்கள் முப்பத்தொரு பேர் அங்கே ஒரு குழுவாக இருக்கிறார்கள். தைத்து வரும் உடுப்புகளில் நூல் பிசிறு வெட்டுவது, பட்டன் தைப்பது அவர்கள் வேலை. கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து பார்த்தேன், இருபத்திரண்டு நிமிஷம். பிறந்ததிலிருந்து மாட்டுங்காவில் இருக்கிறேன், அந்தச் சந்துக்குள் கால் வைத்ததில்லை. யாரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக ஒரு தாளில் எழுதி எழுதிப் பார்க்கிறேன்.

பிள்ளை சாய்நாத், தானும் மருமகளும் இருக்கும் நெருளுக்கே வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். "இந்த வயசுல எதுக்குப்பா டிகிரி?" என்று போன வாரமும் கேட்டான். வகுப்புக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

அம்முவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு.

உன் தம்பி
அனந்தகிருஷ்ணன்


கோயம்புத்தூர்
2 ஜூலை 2023

சிரஞ்சீவி அனந்துவுக்கு அக்கா ஷ்யாமளாவின் ஆசீர்வாதம்.

கடிதம் வந்தது. காது அப்படியேதான். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், நான் நடந்ததாகச் சொல்கிறேன்.

நீ இரண்டாம் வருஷம் தேறியதைக் கோவிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தி, "உங்க தம்பிக்குப் பேரனா, பேத்தியா?" என்று கேட்டாள். "தேர்வு ரிசல்ட்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

தாராவிக்குப் போகும்போது பிடிப்புள்ள செருப்பாகப் போட்டுக்கொண்டு போ. பேச்சை எழுதி எடுத்துக்கொண்டு போகாதே. எட்டாம் வகுப்புப் பேச்சுப்போட்டியில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "தலைவர் அவர்களே" என்பதோடு இறங்கி வந்தவன் நீ.

சாய்நாத் கேட்டதை நானும் கேட்க நினைத்தேன். சொல்ல வரும்போது சொல்.

அக்கா


மாட்டுங்கா
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

மழையில் நனைந்து நான்கு நாள் ஜலதோஷம். இப்போது இல்லை. நீ உண்மையாகவே நட.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. முதல் மூன்று வாரம் அந்தச் சந்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் கத்தரியும் கையுமாக வேலை பார்த்துக்கொண்டே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஆறுமுகத்தாய் என்று ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, "எக்கா, இவுகள யாரு இங்க இறக்கி வச்சிட்டுப் போனா? பார்சலு மாதிரில்லா இருக்காவ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறிக்கையில், 'குழுவினர் என் வருகையைக் கவனித்தனர்' என்று எழுதினேன்.

நான்காவது வாரம் மாரிசெல்வி என்ற பெண் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தாள். குழுவை நடத்துவது அவள்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவனை இழந்தவர்களுக்கான மாத உதவித்தொகைக்கு விண்ணப்பம். மராத்தியில் எட்டுப் பக்கம். "அய்யா, இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுதியளா?" என்றாள்.

அக்கா, முப்பத்தெட்டு வருஷம் விண்ணப்பங்களைப் பார்த்தே உத்தியோகம் செய்தவன் நான். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியதும் முழங்கால் வலிகூட மறந்துவிட்டது. ரேஷன் கார்டு, கணவரின் இறப்புச் சான்று எல்லாவற்றையும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு நாளைக்கு மூன்று வீதம், பதினொரு நாளில் முப்பத்தொன்றையும் எழுதி முடித்தேன். நீல மை, ஓர் அடித்தல்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் உறை, வரிசை எண், இணைப்புகளின் பட்டியல். அவர்கள் கைநாட்டோ கையெழுத்தோ போட வேண்டியதுதான் பாக்கி.

"அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள் மாரிசெல்வி. ஆறுமுகத்தாய் எனக்கு ஸ்டூலுக்குப் பதில் நாற்காலி போட்டாள். முந்தாநாள் எல்லாவற்றையும் அரசு ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கிங்ஸ் சர்க்கிளில் நின்று ஒரு காபி குடித்தேன். தனியாகக் காபி குடித்துச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

அனந்தகிருஷ்ணன்


கோயம்புத்தூர்
20 ஆகஸ்ட் 2023

சிரஞ்சீவி அனந்துவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை அம்முவுக்கும் மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மு, "மாமா இவ்வளவு பேசுவாரா?" என்றாள். பேச மாட்டான், எழுதுவான் என்றேன்.

முப்பத்தொரு பேர் வீட்டில் உன்னால் விளக்கு எரியப் போகிறது. எனக்கு இரண்டு நாளாகத் தரையில் கால் பாவவில்லை. அந்தக் காலத்தில் நம் வீட்டில் விண்ணப்பம், மனு என்றாலே என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கை உனக்கும் வந்திருக்கிறது.

பட்டம் வாங்கும்போது அங்கி போடுவார்களாமே. படம் எடுத்து அனுப்பு.

காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள். மிளகு ரசம் வை.

அக்கா


மாட்டுங்கா
24 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

விண்ணப்பங்கள் முப்பத்தொன்றும் திரும்பி வந்துவிட்டன.

எல்லாம் ஒரே கையில் எழுதியிருப்பதால் இது ஏஜெண்ட் வேலை என்று சந்தேகமாம். மாரிசெல்வியைக் கூப்பிட்டு, எழுதியது யார், அவனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. அதற்குள் சந்தில் பேச்சு கிளம்பிவிட்டது. முனையில் டீக்கடை வைத்திருக்கும் வானமாமலை என்னை நிறுத்தி, "அண்ணாச்சி, ஒரு பாரத்துக்கு எவ்வளவுன்னு ரேட்டு வச்சிருக்கிய?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். கூட நின்றவர்கள் சிரிக்கவில்லை. ஆறுமுகத்தாய் நாற்காலியை எடுத்துவிட்டாள். ஸ்டூலும் இல்லை.

களப்பணி மேற்பார்வையாளர் பத்மஜா மேடம் என் அறிக்கைகளைப் பார்த்தார். முப்பத்து நான்கு வயது, செம்பூர்க்காரர், குரலை உயர்த்தாமலே பேசுவார். "நீங்க அறிக்கை எழுதலை ஸார், ஃபைல் எழுதியிருக்கேள்" என்றார். பிறகு, "இந்த முப்பத்தொரு பேரிலே ஒருத்தருக்காவது தன்னோட மனுவிலே என்ன இருக்குன்னு தெரியுமா? ஒருத்தர் வாழ்க்கைக் காரியத்தை அவா கையிலேர்ந்து வாங்கி நாம முடிச்சுக் குடுத்தா, அதுக்குப் பேர் உதவி இல்லை. எவ்வளவு பிரியமா செஞ்சாலும் இல்லை" என்றார். களப்பணி மதிப்பெண்ணை நிறுத்தி வைத்திருக்கிறார். மறுபடி விண்ணப்பிக்க நவம்பர் முப்பது கடைசி நாள். எனக்கும் அதுவரைதான் அவகாசம்.

அவரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. உனக்கும் இன்று எழுத முடியவில்லை.

நெருளுக்கே போய்விடலாமா என்று தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்?

அனந்தகிருஷ்ணன்


மாட்டுங்கா
29 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

ஐந்து வாரமாக உன் பதில் இல்லை. அம்முவைக் கேட்டேன். நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய், யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்றாள். என் செய்தி உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டதோ என்று நினைக்கிறேன். கோவிலில் வேறு சொல்லியிருந்தாய்.

நெருளுக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்துச் சந்துக்குப் போனேன். நின்றுகொண்டேதான் பேசினேன். தவறு உங்களுடையது இல்லை, என்னுடையது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். மாரிசெல்வி, "சரி, இப்ப என்ன செய்யணுங்கிய?" என்றாள். நான் எழுதமாட்டேன், கேட்டால் படித்து அர்த்தம் சொல்கிறேன் என்றேன். "அப்ப நீங்க எதுக்கு?" என்றாள் ஆறுமுகத்தாய். ஆனால் ஸ்டூல் வந்தது.

மாரிசெல்வி ஏழாம் வகுப்புவரை கார்ப்பரேஷன் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். அங்கே மராத்தியும் ஒரு பாடம். இருபது வருஷமாக எழுதாத எழுத்தை முதல் நாள் ஒரு சட்டை அட்டையின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். அவளைப் போல ஒன்பது பேர் தேறினார்கள். மற்றவர்கள் பார்த்து எழுத அவர்களைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் யாருக்காகவும் எழுதுவதில்லை என்று அவர்களே ஒரு விதி வைத்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மத்தியானம் ஆகிறது. பேனாவை வாங்கி நானே எழுதிவிடலாம் என்று என் கை துடிக்கிறது. இப்போதெல்லாம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

ஆறுமுகத்தாய் கல்யாணமாகி ஊரிலிருந்து வந்தவள். அவளுக்கு மராத்தி எழுத்தே தெரியாது. கணவர் பெயர் என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள். பெயர் என்ன என்று மாரிசெல்வி கேட்டால் வாயைத் திறக்கவில்லை. "அவுக பேர நான் சொன்னதில்ல. இப்பமும் சொல்லமாட்டேன்" என்றாள். "எழுதலாமா?" என்றேன். யோசித்தாள். "எழுதுனா வாயால சொன்னதாகாதுல்லா?" என்று மற்றவர்களைக் கேட்டாள். ஆகாது என்று தீர்ப்பானது. இறப்புச் சான்றைப் பக்கத்தில் வைத்து, கோலம் போடுகிறவள் புள்ளியைப் பார்ப்பது போலப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். முக்கால் மணி நேரம். அதுவரை யாரும் கத்தரியைத் தொடவில்லை. முடிந்ததும், "அவுக இருக்கையில எழுதியிருந்தா சிரிச்சிருப்பாவ" என்றாள்.

முதல் தடவை அந்தப் பெயரை நான் ஏழு விநாடியில் எழுதியிருப்பேன்.

நீ ஒரு வரி போட்டால் போதும்.

அனந்தகிருஷ்ணன்


கோயம்புத்தூர்
19 நவம்பர் 2023

சிரஞ்சீவி அனந்துவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உடம்பு நன்றாக இருக்கிறது. நீ என்னைத் தலைகுனிய வைக்கவில்லை. உன் மேடம் சொன்னதை நீ எழுதியிருந்தாய் அல்லவா, அதற்கு மேல் என்னால் பேனாவை எடுக்க முடியவில்லை.

1974 மே மாதம் நினைவிருக்கிறதா? அப்பா நெஞ்சுவலியோடு வேலையை விட்ட வருஷம். உனக்குப் பத்தொன்பது, எனக்கு இருபத்தாறு. நீ பி.ஏ. சேரக் கல்லூரி விண்ணப்பம் வாங்கி வந்து மேஜைமேல் வைத்திருந்தாய். அதே வாரம் ஆபீஸ் வேலைக்கு விளம்பரம் வந்தது. அந்த விண்ணப்பத்தை நான் எழுதினேன். உன்னைக் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் திருப்பி, இங்கே கையெழுத்துப் போடு என்றேன். நீ போட்டாய். கல்லூரி விண்ணப்பம் எங்கே என்று நீ தேடினபோது தெரியாது என்றேன். அது சமையலறை அலமாரியில், விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் இருந்தது. நான்தான் வைத்தேன். கடைசித் தேதி போன பிறகு எடுத்துக் கிழித்தேன்.

அப்பா சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. நானாகவே செய்தேன். உனக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். நீ வேலைக்குப் போன மறு வருஷம் உன் சம்பளத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அதையும் சேர்த்தே நினைத்துக்கொள்.

இந்த வயதில் எதற்கு டிகிரி என்று நீ எனக்குப் பதில் எழுதவில்லை. நானே பதிலைத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன்.

கடைசித் தேதி நெருங்குகிறது. அந்தப் பெண்களைப் பார். எனக்குப் பதில் எழுத அவசரமில்லை.

அக்கா


மாட்டுங்கா
10 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நான் சௌக்கியம். நீ சௌக்கியமாக இருக்க வேண்டும். அதை இந்தத் தடவை முறைக்காக எழுதவில்லை.

இருபத்தெட்டாம் தேதி விண்ணப்பங்களைக் கொடுத்துவிட்டார்கள். முப்பத்தொன்றும் முப்பத்தொரு விதம். ஒன்றில் எண்ணெய்க் கறை, ஒன்றில் எழுத்து மலையேறி இறங்குகிறது. நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றேன். எழுதினது யார் என்று இந்தத் தடவையும் கேட்டிருக்கிறார்கள். "நான்தான். எந்தப் பக்கத்துல என்ன இருக்குன்னு கேளுங்க, சொல்லுதேன்" என்று மாரிசெல்வி ஹிந்தியில் சொல்லியிருக்கிறாள். கேட்டார்களாம். சொன்னாளாம். வெளியே வந்து, "அய்யா, அந்தாளு என்னைய உக்காருங்கன்னுட்டான்" என்றாள். எல்லோரும் வாங்கிக்கொண்ட ரசீதை ஒவ்வொருவராக என்னிடம் காட்டினார்கள். வானமாமலை எனக்கு டீ கொடுத்துக் காசு வாங்க மறுத்தார்.

இனி நான் எழுத வேண்டியவை இரண்டு.

முதலாவது, அன்று எழுதாமல் விட்டது. ஒரே கையில் எழுதிய விண்ணப்பங்கள் வந்தால் தனியே எடுத்து வை, திருப்பி அனுப்பு என்பது என் ஆபீஸிலும் வழக்கம். இருபது வருஷம் அதைச் செய்தவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெயர்கூட உண்டு. எழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்வான் என்பார்கள். அப்படிப்பட்டவன் முப்பத்தொன்றை ஒரே கையில் எழுதினேன். என் கையை நான் ஏஜெண்டின் கையாக நினைக்கவே இல்லை. அன்று திருப்பியவற்றில் எத்தனை, யாரோ ஒரு நல்லவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவையோ. இதை அக்டோபரில் அந்தப் பெண்களிடம் சொன்னேன். பத்மஜா மேடத்துக்கு அறிக்கையில் எழுதினேன். உனக்கு எழுதத்தான் கடைசியாகத் தைரியம் வந்திருக்கிறது.

இரண்டாவது, 1974. அக்கா, அலமாரிக் காகிதத்துக்கு அடியில் அந்த விண்ணப்பத்தை நான் பார்த்தேன். தீப்பெட்டி எடுக்கப் போனபோது ஓரம் தெரிந்தது. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருந்தது. எடுக்காமல் காகிதத்தைச் சரிசெய்துவிட்டு வந்தேன். கல்லூரியில் சேர்ந்து தோற்றால் என்ன செய்வது என்று பயம். நீ ஒளித்துவைத்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஐம்பது வருஷம், படிக்க விடவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ஆள் கிடைத்தது. நீயே எடுத்துக் கொடுத்திருந்தாலும் நான் நிரப்பியிருக்கமாட்டேன்.

ஆக, இந்த வயதில் எதற்கு டிகிரி என்றால், அந்தக் காகிதத்தை எடுக்க இப்போதுதான் கை நீண்டது. சாய்நாத்திடம் இப்படிச் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லலாம்.

உன் தம்பி
அனந்து


கோயம்புத்தூர்
24 டிசம்பர் 2023

சிரஞ்சீவி அனந்துவுக்கு ஆசீர்வாதம்.

பயந்தாங்கொள்ளி. நான் ஐம்பது வருஷம் தனியாகச் சுமந்தேனே.

கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. மாரிசெல்வி நாற்காலியில் உட்கார்ந்த பகுதியை மட்டும் அம்முவுக்குச் சொன்னேன். நாளைக்குக் கோவிலிலும் சொல்வேன்.

பரீட்சைக்குப் படி.

அக்கா


மாட்டுங்கா
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

முழங்காலுக்குப் புதுத் தைலம் பிடித்திருக்கிறது. நீ இரண்டு வேளையும் நடப்பதாக அம்மு சாட்சி சொன்னாள்.

தேறிவிட்டேன். முதல் வகுப்பு. களப்பணியில் பத்மஜா மேடம் நூற்றுக்கு எழுபத்தொன்று போட்டிருக்கிறார். குறிப்பு என்ற இடத்தில், 'கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கற்றுக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறார். இதைவிடப் பெரிய நற்சான்று என் உத்தியோகத்தில் வாங்கியதில்லை. அந்தத் தாளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், இரண்டு பிரதி.

உதவித்தொகை இருபத்தொன்பது பேருக்கு வந்துவிட்டது. இரண்டு பேருக்கு மறுத்திருக்கிறார்கள். மேல்முறையீட்டை மாரிசெல்வியும் மற்றவர்களும் எழுதுகிறார்கள். என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்கள். நான் சொன்ன பதில் தப்பு என்று விதிப் புத்தகத்தைக் காட்டினார்கள். ரிசல்ட் வந்த அன்று சந்துக்குப் போனேன். ஆறுமுகத்தாய், "பார்சலு பாஸாயிட்டு" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள். நாற்காலியை அவளே எடுத்து வந்து துடைத்துப் போட்டாள். சாய்நாத் நெருளில் தன் அடுக்குமாடிக்காரர்களுக்கு ஜிலேபி கொடுத்தானாம். என்னிடம் சொல்லவில்லை, மருமகள் சொன்னாள்.

பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு படிவம் வந்திருக்கிறது. என் பகுதியை நானே நிரப்பிவிட்டேன். ஓர் இடத்தில் அடித்தல் வந்துவிட்டது, அப்படியே விட்டேன். இரண்டாம் பக்கத்தில் 'உடன் வருபவர்' என்று நான்கு கட்டம் இருக்கிறது. பெயர், வயது, உறவு, கையெழுத்து. சாய்நாத் அதில் தன் பெயரைப் போடச் சொன்னான். அவனுக்குத் தனியாக ஓர் அனுமதிச் சீட்டு கேட்டு வாங்கியிருக்கிறேன்.

படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த நான்கு கட்டத்தையும் நான் தொடவில்லை. உனக்கு வர இஷ்டமிருந்தால் எழுது. இல்லையென்றால் வெறுமையாகவே அனுப்பு, நான் கேட்கமாட்டேன். செப்டம்பர் பத்து கடைசித் தேதி.

அனந்து


கோயம்புத்தூர்
18 ஆகஸ்ட் 2024

சிரஞ்சீவி அனந்தகிருஷ்ணன், பி.எஸ்.டபிள்யூ. அவர்களுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

சர்க்கரை, காது, கால் எல்லாம் வருவதாகச் சொல்லிவிட்டன. அம்மு ரயில் டிக்கெட் பார்க்கிறாள்.

படிவம் இத்துடன் இருக்கிறது. நான் கண்ணாடியைத் தேடுவதைப் பார்த்து, "குடும்மா, நான் எழுதறேன்" என்று அம்மு பேனாவை வாங்கினாள். பிடுங்கிக்கொண்டேன். பெயரும் வயதும் சரியாக வந்தன. உறவு என்ற கட்டம் சின்னது. 'மூத்த சகோதரி' என்று ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது.

உன் ஆபீஸாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாய். இவர்கள் திருப்பினால் வேறு படிவம் அனுப்பு, மறுபடி நானே எழுதித் தருகிறேன்.

அக்கா